எதிர்ப்பக்க மோட்டார்

கார்க் கதவின் உள்பலகையைக் கழற்றியதும் அவர் கையை உள்ளே விடுவதில்லை. குனிந்து அந்த இருட்டுக்குள் மெதுவாக ஒருமுறை ஊதுகிறார். தூசி எழுந்து வெயிலில் மிதக்கிறது. அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகுதான் விரல்கள் உள்ளே போகின்றன. முதலில் வெளியே வருவது பெரும்பாலும் மோட்டார் அல்ல. ஒரு கொண்டை ஊசி, பேருந்துச் சீட்டு, உறை பிரிக்காத மிட்டாய், பொம்மையின் கால் என்று ஏதாவது. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக என்றைக்கோ நழுவி விழுந்தவை. "கதவுக்கும் வயிறு இருக்குல்ல, அதுவும் எதையாவது தின்னும்" என்று சொல்லி, எல்லாவற்றையும் ஸ்டியரிங்குக்கு முன்னால் வரிசையாக வைப்பார். வண்டிக்காரர்கள் வந்த வேலையை மறந்துவிட்டு, பொம்மைக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

பழைய கார்களின் மின்சாரக் கண்ணாடிகளைச் சரிசெய்வது மட்டும்தான் அவர் தொழில். இன்ஜினைத் தொடமாட்டார். ஒரே தகரக் கூரையின் கீழ் நாலைந்து பட்டறைகள் இருக்கும் அந்த முற்றத்தில் அவருக்குப் பெயர் மேகம். வைத்தவர் பக்கத்துப் பட்டறை வெல்டர். கழற்றிய கண்ணாடியைத் துடைத்துச் சாய்த்து வைத்தால், அதில் வானம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். எதிரே இருக்கும் பேட்டரிக் கடையில் எனக்கு வேலை. சில மதியங்களில் அந்தக் கண்ணாடியின் வெளிச்சம் எங்கள் கடைச் சுவருக்கு வந்து, நீர்போல ஆடிக்கொண்டிருக்கும்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால், "கண்ணாடியைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்பார். அவர் கேட்கும் கேள்வி வேறு. "இந்தப் பக்கம் யாரு உக்காருவாங்க?" கோபக்காரர் அழுத்திய பொத்தான் ஒரு மாதிரித் தேயும், தூக்கம் வராத குழந்தை அழுத்தியது வேறு மாதிரித் தேயும் என்பது அவர் எண்ணம். உண்மையா என்று எனக்குத் தெரியாது. சொல்லும்போது நம்பத் தோன்றும்.

அவர் வீட்டுக் காரின் கதைதான் முற்றம் முழுக்கப் பிரசித்தம். தைத்த துணிகளை அந்தக் காரில் கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் மனைவியின் வேலை. பல வருடங்களுக்கு முன் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியின் மோட்டார் எரிந்துபோனது. பழைய சாமான் கடையில் எதிர்ப்பக்கக் கதவின் மோட்டார்தான் கிடைத்தது. அது தலைகீழாகச் சுற்றும். இரண்டு கம்பிகளை இடம் மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். மேகம் அதை மறந்து கதவை மூடிவிட்டார். மேலே என்று அழுத்தினால் கண்ணாடி கீழே போனது. "நாளைக்கு மாத்திடறேன்" என்றார். அந்த நாளை வருவதற்குள் மனைவியின் விரல் பழகிவிட்டது.

"ஊர்ல இருக்கற கண்ணாடியெல்லாம் இவர் சொன்னா இறங்குது. என் கண்ணாடி மட்டும் எனக்கு எதிர்ப்பேச்சு பேசுது" என்று அந்த அம்மா முற்றத்துக்கு வரும்போதெல்லாம் சொல்வார். சொல்லிக்கொண்டே ஒருமுறைகூடத் தவறாமல் சரியான பக்கத்தை, அதாவது தவறான பக்கத்தை, அழுத்துவார்.

போன மாதம் கண் டாக்டர் அந்த அம்மாவிடம் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். மகள் ஓட்டிப் பழகினாள். ஒரு மழையில் கண்ணாடியை ஏற்றுகிறேன் என்று இறக்கிவிட்டாள். முகத்தில் சாரல் அடித்ததில் ஸ்டியரிங் திரும்பி, சக்கரம் நடைபாதையில் ஏறி நின்றது. அடி ஒன்றுமில்லை. நாளை முதல் அம்மாவின் சுற்றுக்கு அவள்தான் போக வேண்டும்.

அதனால் இன்று காலையிலிருந்து அந்தக் கார் இங்கே நிற்கிறது. மோட்டாரைப் பிரித்துத் துடைத்து, புது கிரீஸ் வைத்தாயிற்று. ரப்பர் பட்டையும் மாற்றியாயிற்று. மிச்சம் அந்த இரண்டு கம்பிகள்தான். பச்சையை ஒரு கையிலும் பழுப்பை ஒரு கையிலும் பிடித்தபடி மேகம் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரம் போனது.

"என்ன மேகம், ரெண்டு கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஜோசியம் பாக்கறியா?" என்றார் வெல்டர்.

"இல்லப்பா. அவ கை தெரிஞ்ச கண்ணாடி இது."

வெல்டருக்குப் புரிந்ததோ என்னவோ, அதற்குமேல் சீண்டவில்லை.

மூன்று மணிக்குமேல் மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் கதவின் திறந்த வயிற்றைப் பார்த்தாள். "அப்பா, எனக்கு நேரா வேணும். மேலன்னா மேல போகணும். உங்க ரெண்டு பேர் விளையாட்டெல்லாம் எனக்கு வேணாம்."

"அம்மா கை பழகினது..." என்று இழுத்தார்.

"பழகின கைக்கு இனிமே என்னங்க வேலை?" என்றார் மனைவி. "சந்து வந்தா இடது வலது காட்டணும், அவ்வளவுதானே. புள்ளைக்குப் பாத்து மாட்டுங்க."

மேகம் கம்பிகளை இடம் மாற்றி மாட்டினார். உள்பலகையை வைத்து உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பொருத்தினார். கண்ணாடி பாதியில் நின்றிருந்தது.

மனைவி ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கணவரிடம் ஏதோ சொல்வதற்காகக் கண்ணாடியை இறக்கப் பார்த்தார். விரல் தன் பழைய இடத்துக்குப் போனது. கண்ணாடி சத்தமில்லாமல் மேலே ஏறி மூடிக்கொண்டது. உள்ளே அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வெளியே கண்ணாடியில் அவற்றின்மீது தகரக் கூரையின் விளிம்பும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன. மேகம் குனிந்து பார்த்தார். உள்ளே விரல் தயங்கி, பொத்தானின் மறுபக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தது. கண்ணாடி இறங்கியது.

"என்னமோ சொன்னியே?"

"ஒண்ணுமில்ல. நல்லா வழுக்கிட்டுப் போகுதுன்னு சொன்னேன்."

இறங்கி, மகளுக்கு இடம் விட்டார். மகள் உயரம். அம்மா எப்போதும் முன்னால் இழுத்து வைத்திருக்கும் இருக்கையில் உட்கார்ந்ததும் முழங்கால் இடித்தது. இருக்கையைத் தடதடவென்று பின்னால் தள்ளினாள். அம்மா வண்டியைச் சுற்றி மறுபக்கம் நடந்தார்.

அவருக்கு முன்பே மேகம் அங்கே போயிருந்தார். கதவைத் திறந்து, குனிந்து, பக்கத்து இருக்கையின் அடியில் கையை விட்டு, அது போகும் மட்டும் முன்னால் இழுத்து வைத்தார்.