அம்மா கொண்டுபோன முளைச்ச கதிர்

முளைச்ச நெல்லுக்கு ஒரு வாடை உண்டு... புளிச்ச மாவையும் சேத்தையும் ஒண்ணா கலந்து வச்ச மாதிரி. நான் பிளஸ் டூ படிச்ச வருஷம், நன்னிலம் பக்கம் எங்க ஊர் முழுக்க அந்த வாடைதான்.

சம்பா அறுப்புக்கு நின்னப்போ காலம் தப்பி ஒரு மழை. கதிரெல்லாம் சாஞ்சு, தண்ணியிலேயே கிடந்து முளைவிட்டிருச்சு. அறுத்தாலும் எவனும் வாங்கமாட்டான். குத்தகை நிலம் வேற.

அப்பா பேச்சையே நிறுத்திட்டாரு. சோறு போட்டா தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. சர்ச்சுக்கும் வரல. கூப்பிட்டதுக்கு, "அவருக்கும் எனக்கும் இனிமே பேச்சில்ல"ன்னுட்டாரு. அவருன்னா ஆண்டவர்!

அம்மா ஒரு காரியம் பண்ணாங்க. மாட்டுக்கொட்டகையில இருந்த பூச்சிமருந்து டப்பாவ முந்தானைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப்போய், பக்கத்துவீட்டு ஸ்டெல்லா அக்காகிட்ட குடுத்துட்டு வந்தாங்க.

"ஏம்மா?"ன்னேன்.

"சும்மா இருடி."

புரிஞ்சிடுச்சு.

அந்த ஞாயித்துக்கிழமைதான் அறுப்பின் பண்டிகை. விளைஞ்சதுல முதல் பலனை ஆண்டவர் முன்னாடி கொண்டுபோய் வைக்கிற நாள்... எங்ககிட்ட என்ன இருக்கு வைக்க?

காலையிலேயே அம்மா வயலுக்குப் போய் ஒரு கை கதிர் அறுத்துட்டு வந்தாங்க. அதே முளைச்ச கதிர். என்னோட ஸ்கூல் ரிப்பன எடுத்து அதுக்குக் கட்டுறாங்க!

அத்தனை நாள் பேசாத அப்பா கத்தினாரு. "அழுகினதக் கொண்டுபோயா வைக்கப்போற? பைத்தியமாடி உனக்கு?"

"இந்த வருஷம் நம்மகிட்ட இதாங்க இருக்கு. அவரும் பாக்கட்டும்."

அவ்ளோதான். கிளம்பிட்டாங்க.

சர்ச்சுல எல்லாரும் கடையில வாங்கின பூசணிக்கா, வாழைப்பழம்னு வச்சாங்க. அந்த வருஷம் எல்லார் வயலும்தான் அழிஞ்சு போச்சே. அம்மா முறை வந்துச்சு. பின்னாடி யாரோ குசுகுசுன்னாங்க. எனக்கு மானம் போச்சு... பாஸ்டர் ஐயா அந்தக் கதிர ரெண்டு கையாலயும் வாங்கி மேஜைக்கு நடுவுல வச்சாரு. ஜெபம் பண்ண ஆரம்பிச்சாரு. பக்கத்துல இருந்த பெரியம்மா ஒருத்தங்க ஓன்னு அழுதாங்க. அப்புறம் சர்ச்சே அழுதுச்சு.

திரும்பிப் பாத்தா வாசல்ல அப்பா. கைலியோட, கால்ல சேறோட, துண்டால வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறாரு. உள்ள வரல. ஆனா போகவும் இல்ல.

சாயந்திரம் அவராவே கேட்டாரு, "குறுவைக்கு விதைநெல் யாருகிட்ட கேக்கலாம்?" அம்மா அடுப்படிக்குள்ள போய் அழுதாங்க.

இப்ப நான் சென்னையில. எங்க சர்ச்சுலயும் அறுப்பின் பண்டிகை உண்டு... ஆப்பிள், பாஸ்மதி பாக்கெட், குக்கீஸ் டப்பா. போன மாசம் பண்டிகைக்கு அப்பாவும் அம்மாவும் வந்திருந்தாங்க, நான் ஆப்பிள் வச்சேன். "ஸ்டிக்கர் ஒட்டின ஆப்பிள்! எந்த வயல்ல பாப்பா அறுத்த?"ன்னு அப்பா ஒரே கிண்டல்.

சிரிச்சேன். ஆனா யோசிச்சா... வேலையில எவ்ளோ அடி வாங்கினாலும், அயர்ன் பண்ணின சேலை, சிரிச்ச மூஞ்சின்னுதான் சர்ச்சுக்குப் போறேன். அம்மாவோட தைரியம் எனக்கு இன்னும் வரல.

வீட்டுக்கு வந்து, அந்த முளைச்ச கதிர் ஞாபகம் இருக்கான்னு அப்பாகிட்ட கேட்டேன்.

"நல்லத எடுத்துக்கிட்டுத்தான் அவருகிட்ட போகணும்னு நெனச்சிருந்தேன் பாப்பா. உங்கம்மா அதத் தூக்கிட்டுப் போனப்போதான்... இப்படியும் போலாம்னு தெரிஞ்சுது."

அப்புறம் சாதாரணமா சொன்னாரு, "அதுக்கு முந்தின நாள் மாட்டுக்கொட்டகையில அந்த டப்பாவத் தேடினேன். காணோம்."

அம்மா பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தாங்க. கை அப்படியே நின்னுடுச்சு.