எள் மூட்டைக் கப்பல்

மேட்டூர் அணைத் தண்ணீர் நாள்காட்டி பார்த்துத்தான் ஏறும் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பது அதற்கே மரியாதையாக இருக்காது என்று ஓர் எண்ணம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். ஏரியூரில் இருக்கிற என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் சொல்லியும் அனுப்பினேன்.

கோடையில் அணைத் தண்ணீர் வடிந்ததும், அதுவரை மீன்கள் குடியிருந்த மண் வெளியே வந்துவிடும். கரையோர ஆட்கள் இறங்கி உழுது விதைப்பார்கள். தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள் எடுத்துக்கொண்டால் விளைச்சல் நம்முடையது, இல்லாவிட்டால் மீனுடையது. அந்த வருஷம் என் மனைவி அங்கே ஒரு மேட்டில் எள் விதைத்தாள். எங்கள் மகள் அப்போது மாசமாக இருந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டவும், பெற்றவளுக்குச் சோற்றில் ஊற்றவும் கடை எண்ணெய் ஆகாது, தான் விதைத்த எள்ளைச் செக்கில் ஆட்டிய எண்ணெய்தான் வேண்டும் என்று மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். "தண்ணியில போற மேட்டுல யாராச்சும் எள்ளு போடுவாங்களா?" என்று ஊரில் கேட்டார்கள். ஊர் கேட்டதாலேயே இன்னும் கொஞ்சம் தள்ளி, மேடு முழுக்க விதைத்தாள்.

ஆனி கடைசியில் எள்ளை அறுத்து, கட்டுக் கட்டாகப் போர் போட்டாள். அதற்குள் மகளுக்குத் தேதி நெருங்கி, முன்கூட்டியே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். மகளோடு தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறும்போதும் மனைவிக்கு அந்தப் போர்தான் ஞாபகம்.

"ஏங்க, நல்லாக் காயட்டும். அப்பறம் போயித் தட்டி எடுத்தாந்துருங்க. காஞ்ச எள்ளு கட்டத் தூக்குனாவே கொட்டிப் போயிரும். படுதாவக் கொண்டுபோயி அங்கயே விரிச்சுத் தட்டுங்க. கேக்குதுங்களா?"

கேட்டது. எள்ளும் காய்ந்தது. ஆடிப் பதினெட்டு இன்னும் வரவில்லையே என்று நானும் கடையில் உட்கார்ந்திருந்தேன். கர்நாடகாவில் பெய்த மழைக்கு என் நாள்காட்டி தெரியவில்லை. ஒரு காலையில் போய்ப் பார்த்தால், மேட்டுக்குப் போகிற வழியைக் காணோம். மேடு இருந்தது, சுற்றிலும் தண்ணீர் இருந்தது, உச்சியில் ஒரு குடிசை மாதிரி எள்ளுப் போர் நின்றது. அங்கங்கே இருந்த மற்ற மேடுகளும் அப்படியே தனித்தனித் தீவாகக் கிடந்தன.

மனைவிக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள், "பேத்தி பொறந்திருக்குதுங்க" என்றாள். அதற்கப்புறம் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"போனாப் போவுதுங்க. எண்ணெ கடையில வாங்கிக்கலாம். நீங்க மட்டும் தண்ணியில எறங்காதீங்க."

அடுத்தது மச்சான், என் மனைவியின் தம்பி. கரையில் கவிழ்ந்து கிடக்கிற பரிசல் அவனுடையது. காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு மாரண்டஹள்ளிப் பக்கம் போயிருந்தான். "ரெண்டு நாள்ல வந்துர்றன் மாமா. அதுவரைக்கும் தண்ணி விட்டு வெச்சா எடுத்தாறேன். உங்களுக்குத்தான் தண்ணின்னாவே ஆவாதுங்களே" என்றான்.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டோடு ஒகேனக்கல் போனோம். நடு ஆற்றில் பரிசலை வேடிக்கைக்கு ஒரு சுற்றுச் சுற்றினார்கள். நான் பரிசல்காரரின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். கரைக்கு வந்த பிறகும் விடவில்லை என்பது மச்சான் சேர்த்துக்கொண்டது. காதுகுத்து, சீமந்தம், எந்த விசேஷத்திலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது அந்தக் கழுத்துக் கதை வந்துவிடும். அந்த மனுஷரின் கழுத்து இத்தனை வருஷத்தில் சரியாகிப் போயிருக்கும். என்னுடையதுதான் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. எள் போனால்கூடத் தாங்கிக்கொள்வேன். இவர்கள் எல்லோரும் சேர்ந்து, நான் பயந்துகொண்டு வீட்டில் உட்காருவதற்கு இவ்வளவு தாராளமாக அனுமதி கொடுக்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. போகிறது என்று முடிவு செய்தேன். தனியாகப் போகிற அளவுக்கு முடிவு செய்யவில்லை.

அந்த வாரம் என் பழைய ஹாஸ்டல் நண்பர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் சென்னையில் வக்கீல். இன்னொருவன் சிங்கப்பூரில் இருக்கிறான். வந்ததிலிருந்து மலேசியாவில் லங்காவிப் பக்கம் பாய்மரப் படகில் தீவு தீவாகப் போன கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். தீவில் இறங்கினால் இளநீர், ஏறினால் மீன் வறுவல். "வாழ்க்கைல ஒரு தடவையாச்சும் போகணும்டா" என்றான்.

"எதுக்கு அவ்வளவு தூரம்?" என்றேன். "எங்க ஊர்லயே தீவு இருக்குது. காலைல கூட்டிட்டுப் போறேன்."

எள்ளைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

காலையில் காற்று இல்லை. ஆடிக் காற்றும் எங்கள் ஊர் ஆபீசர்களைப் போலப் பொழுது ஏறித்தான் வேலைக்கு வரும். சிங்கப்பூர்க்காரன் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, அரைக்கால் சட்டையோடு வந்து, "லைஃப் ஜாக்கெட் எங்க?" என்றான். காலி எண்ணெய்க் கேன்களைக் கயிற்றில் கோத்து ஆளுக்கு இரண்டு கட்டிவிட்டேன். எனக்கு நான்கு கட்டிக்கொண்டேன்.

"உனக்கு மட்டும் எதுக்கு நாலு?" என்றான் வக்கீல்.

"நான்தான ஓட்டறவன். ஓட்டறவன் போயிட்டா உங்க கதி என்ன ஆவறது?"

"படுதா எதுக்கு? சாக்கு எதுக்கு?"

"உக்கார்றதுக்கு."

பரிசல் ஓட்ட எனக்குத் தெரியும். கரையோரத்தில் பிறந்தவனுக்கு அது தானாக வரும். நீச்சல்தான் தானாக வரவில்லை. துடுப்பை முன்னால் போட்டு இழுத்து இழுத்துப் போனேன். முதலில் வந்த மேட்டில் நிறையக் கொக்குகள். சிங்கப்பூர்க்காரன் இறங்கியே ஆகவேண்டும் என்றான். இறங்கினான், கணுக்கால் வரை சேற்றில் போனான், தொப்பியோடு படம் எடுத்துக்கொண்டு ஏறினான். "லங்காவில இறங்கினதும் ஜூஸ் குடுப்பாங்க" என்றான்.

"அடுத்த தீவுல வேலை குடுப்பாங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அடுத்த தீவில் இறங்கி நான் படுதாவை விரித்ததும் சிரிப்பு நின்றது. வக்கீல் போரைப் பார்த்தான், கையில் நான் கொடுத்த குச்சியைப் பார்த்தான். "டூர்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து களத்துல நிக்க வெக்கிற. இது நானூத்தி இருபதுடா. அதுக்கும் இப்ப நம்பர் மாத்திட்டாங்க, அதனால தப்பிச்ச."

அதற்குமேல் விளையாட முடியவில்லை. தண்ணீர் போருக்குப் பாய் விரிக்கிற தூரத்தில் நின்றது. பேத்தி பிறந்ததையும், மனைவி மகளுக்குக் கொடுத்த வாக்கையும், "கடையில வாங்கிக்கலாம்" என்று அவள் சொன்னதற்கு முன்னால் இருந்த அந்த மௌனத்தையும் சொன்னேன். சிங்கப்பூர்க்காரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"வந்திருப்பேன். வேற செருப்புப் போட்டுட்டு வந்திருப்பேன்."

கட்டை அலுங்காமல் படுதாவின் மேல் கொண்டுவந்து, தலைகீழாகப் பிடித்து, குச்சியால் தட்ட வேண்டும். வாய் பிளந்த காய்களிலிருந்து எள் பொலபொலவென்று கொட்டும். வக்கீல் முதல் கட்டை மூட்டை தூக்குவது போலத் தூக்கினான். பாதி எள் அவன் சட்டைப் பைக்குள் போயிற்று. அடுத்த கட்டிலிருந்து கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கினான். பொழுது ஏற ஏறக் காற்று எழுந்தது. படுதாவின் ஓரம் தூக்கத் தொடங்கியதும் சிங்கப்பூர்க்காரன் அதன்மேல் நீட்டிப் படுத்துக்கொண்டான். அவன் மேலும் எள். கடைசிக் கட்டைத் தட்டி, சாக்குகளில் அள்ளி வாயைக் கட்டும்போது, போர் நின்ற இடத்தின் ஓரத்தில் மண் ஈரமாகிவிட்டிருந்தது.

"பாரு, வந்துட்டமில்ல" என்றேன் தண்ணீரைப் பார்த்து. அதோடு நிறுத்தியிருக்கலாம். "உன்னால ஆனதப் பாரு" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அது பார்த்தது. மேட்டின் மறைவை விட்டு வெளியே வந்ததும் முதுகில் காற்று அறைந்தது. மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, எங்கள் கரையும் கிழக்கேதான், அதனால் நமக்கு நல்லது என்று கணக்குப் போட்டிருந்தேன். பரிசல் வட்டம் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது கரைக்குப் போகாமல் ராட்டினம் ஆடியது. கரை வந்தது, மேடு வந்தது, திரும்பக் கரை வந்தது. ஓர் அலை உள்ளே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றியது. அவ்வளவுதான். துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு சாமிகளைக் கூப்பிட ஆரம்பித்தேன். குலசாமியில் தொடங்கி, பஸ்ஸில் போகும்போது பார்த்த கோயில்கள் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. மாதாவையும் கூப்பிட்டேன். மொட்டை போடுகிறேன் என்று வேண்டினேன். தலையில் முடி போய்ப் பல வருஷமாகிறது என்பது வேண்டி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பிறகு கத்தினேன். "மூட்டையத் தள்ளுங்கடா. வெயிட்டு தாங்காது. தள்ளுங்கடா."

இதை நான்தான் சொன்னேன். எள்ளுக்காக வந்தவன், தண்ணீரைச் சவாலுக்குக் கூப்பிட்டவன்.

வக்கீல் எழுந்துவந்து மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டான். அவனும் பயந்துதான் இருந்தான், உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் உட்கார்ந்தான்.

"இது உன் எள்ளு இல்ல. உன் பொண்டாட்டி எள்ளு. தள்றதுன்னா என்னையும் சேத்துத் தள்ளு."

"டேய், நான் சொல்றதக் கேளு."

"கேக்க முடியாது. நீ துடுப்ப எடு."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றான் சிங்கப்பூர்க்காரன். "படுதாவக் குடுங்கடா."

படுதாவின் இரண்டு முனைகளைக் காலடியில் மிதித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் கையில் பிடித்து முன்பக்கமாக உட்கார்ந்தான். காற்று அதற்குள் போய்ப் புடைத்தது. அவன் கழுத்து நரம்பும் புடைத்தது. "பின்னால துடுப்பப் போட்டு அப்படியே புடி. ஆட்டாத" என்றான். பிடித்தேன். சுற்றுவது குறைந்தது. கரை ஒரே பக்கத்தில் நின்றது, அதுவும் கிட்டே வந்தது. பரிசல் ஓடியது. லங்காவியில் அவன் படகுக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் வறுவல் மட்டும் தின்றதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்தது. "பாத்தியா, தண்ணி என்ன பண்ணிரும்?" என்று வக்கீலிடம் கேட்டேன். அவன் மூட்டையை விட்டு இறங்காமல் துடுப்பைக் காட்டினான்.

நாங்கள் புறப்பட்ட இடத்தைத் தாண்டி எங்கேயோ ஒதுங்கினோம். கரையோரத்துச் சீமைக்கருவேல மரங்கள் பாதி தண்ணீருக்குள் நின்றன. பரிசல் ஒரு கிளையில் போய் இடித்தது. படுதா சிங்கப்பூர்க்காரனின் கையை விட்டு வந்து என் முகத்தை மூடியது. இருட்டிவிட்டது. கவிழ்ந்துவிட்டோம் என்று முடிவு செய்து நான் குதித்தேன். நான்கு கேன்களும் ஒன்றாகச் சேர்ந்து என்னை மல்லாக்கப் புரட்டிவிட்டன. முகத்தில் படுதா, வானத்தைப் பார்த்த வயிறு, கை கால் நான்கும் மேலே. அந்த நிலையில் நான் கத்தியதை இரண்டு பேரும் கேட்டார்கள், இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள்.

"என்னைய வுட்டுருங்கடா. எள்ளக் காப்பாத்துங்க."

ஊர் திரும்பிய மச்சான் அன்று ராத்திரி மூட்டைகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தான். நடந்ததையெல்லாம் வக்கீல் அவனிடம் பிரமாண வாக்குமூலம் மாதிரி விவரித்துவிட்டான். ஆகவே இப்போது விசேஷங்களில் கழுத்துக் கதையோடு கேன் கதையும் நடக்கிறது. நடக்கட்டும். சொல்கிறவன் மூச்சு வாங்குகிற இடத்தில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "எள்ளு கரைக்கு வந்துச்சா இல்லியா மச்சான்?" அவன் அடுத்த வெற்றிலையை எடுத்து மடிப்பான்.

மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரு சாக்கை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டு, அடி வரைக்கும் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"தண்ணியில எறங்காதீங்கன்னு சொன்னனா இல்லீங்களா?"

"சொன்ன."

"ஆழமுங்களா?"

"ஆழந்தான்."

எள் நனையவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு முன்பே அந்த மேடு தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. செக்கில் ஆட்டிக்கொண்டு வந்த எண்ணெயைத்தான் பேத்தியின் தலையில் முதன்முதலாக வைத்தார்கள். நான் குதித்த இடத்தில் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தது.