ஆறு கால் நண்டு

என் அறை ஆணியில் ஒரு பழைய மஞ்சள் ஹெல்மெட் தொங்குகிறது. நெற்றிப் பக்கம் வெள்ளைப் பெயின்டில் ஒரு நண்டு. இரண்டு கொடுக்கு, பக்கத்துக்கு மூன்றாக ஆறு கால்கள். நண்டுக்கு எட்டுக் கால் என்பது வயலில் இறங்கிய எவனுக்கும் தெரியும். ஆனால் என் சகலை போட்ட முதல் நண்டில் ஆறுதான் இருந்தது. கேட்டதற்கு, "பெயின்ட் தீந்துபோச்சு சகல" என்றான்.

அவன் என் மனைவியின் தங்கை புருஷன். இருவரும் நெய்வேலிச் சுரங்கத்தில் ஒரே கான்ட்ராக்ட் கும்பலில், கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்தும் நிலக்கரியை அள்ளிக்கொண்டிருந்தோம். அரை மணி நேரத்தில் எல்லார் முகமும் ஒரே கறுப்பாகிவிடும். அதனால் ஆளுக்கொரு குறியை ஹெல்மெட்டில் வரைந்துகொள்வது வழக்கம். ஒருவன் வேல் போடுவான், ஒருவன் பிறை. நான் பூ போட்டிருந்தேன். சூப்பர்வைசருக்கு எங்கள் பெயர் தெரியாது, குறிதான் தெரியும்.

என்னைப் போலவே எட்டாவதோடு நின்றவன்தான் அவனும். ஆனால் வடலூர் தைப்பூசத் திருவிழாவில் வாங்கிய, அட்டை கிழிந்த ஆங்கில அகராதி ஒன்று அவன் சாப்பாட்டுப் பையில் இருக்கும். சோறு தின்ற பிறகு தினமும் ஒரு சொல். ஒருநாள் தன் நண்டைத் தட்டிக்காட்டி, "இதுக்குப் பேரு டிரேட்மார்க். நம்ம சரக்கு அடுத்தவன் சரக்கோட கலந்துடாம இருக்கப் போடுறது. ஒருத்தன் போட்டத இன்னொருத்தன் போடக்கூடாது" என்றான். இன்னொரு நாள் எடுத்த சொல் ஆபீஸ். எனக்கு ஆபீஸ் என்றால் மின்விசிறியும் நாற்காலியும்தான். "அது மட்டும் இல்ல சகல. பதவின்னும் போட்டுருக்கு, கடமைன்னும் போட்டுருக்கு. ஒருத்தருக்குச் செய்யுற ஒத்தாசைக்கும் அதே சொல்லுதானாம்." கும்பலே வாயைப் பிளந்து கேட்டது. எனக்குச் சோறு செரிக்கவில்லை.

கம்மாபுரத்தில் மாமியார் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் தலைத் துண்டு அவன் தட்டுக்குப் போகும். மூத்த மாப்பிள்ளை நான். "ஒரே வூட்டுலதான் பொண்ணு எடுத்தீங்க. அவரு புக்கு படிக்கிறாரு, நீங்க ஊரு சுத்திகினு கெடக்கிறீங்க" என்பாள் என் மனைவி. அதில் பொய் இல்லை என்பதுதான் குத்தியது.

ஒருநாள் சூப்பர்வைசர் மேஸ்திரியிடம் பேசியது என் காதில் விழுந்தது. "ஆபீசுல அட்டெண்டன்ஸ் எழுத ஆள் வேணும். அந்த நண்டுக்காரன் படிக்கிறவன் மாதிரி இருக்கான். நாளைக்கு அனுப்பு." அன்று மாலையே என் பூவைச் சுரண்டிவிட்டு நண்டு வரைந்தேன். காலும் ஆறுதான் போட்டேன்.

மறுநாள் காலை, "நண்டு எங்கப்பா, ஆபீசுல கூப்புடுறாங்க" என்று மேஸ்திரி கத்தினார். நான் முந்திக்கொண்டு நடந்தேன். சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டி, "இத வாசிச்சுக் காட்டு" என்றார். ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றும் தெரிந்தன, சேர்த்துப் படிக்க வரவில்லை. அதற்குள் வாசலில் சகலை வந்து நின்றான். சூப்பர்வைசர் இரண்டு ஹெல்மெட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "என்னய்யா, நண்டு குஞ்சு பொரிச்சிடுச்சா?"

சகலை என் நெற்றியைப் பார்த்தான். கால்களை எண்ணியிருப்பான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும். "நான்தாங்க அவருக்கும் போட்டுக் குடுத்தேன். ஒரே வூட்டு மாப்பிள்ளைங்க நாங்க" என்றான். சூப்பர்வைசர் சிரித்துவிட்டுத் தாளை அவன் பக்கம் நகர்த்தினார். நான் மண்வெட்டிக்குத் திரும்பினேன்.

வீட்டில் அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அவன் செய்த ஒத்தாசையைத் தாங்க முடியாமல் அடுத்த மாதமே கிளம்பினேன். திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் கட்டட வேலை, பிறகு போர்வெல் லாரி. போன இடமெல்லாம் அந்த ஹெல்மெட்டும் வந்தது. அவன் இங்கே நெய்வேலியிலேயே பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸில் குடியேறினான். ஆபீசில் ஹெல்மெட் வேண்டியதில்லை. நண்டையே மறந்துவிட்டான் என்கிறாள் என் மனைவி. வயதானால் பொறாமை போய்விடும் என்றார்கள். எனக்குப் போகவில்லை.

போன வாரம் மறுபடி இங்கே கான்ட்ராக்டில் சேர்ந்தேன். புது ஹெல்மெட் கொடுத்தார்கள். அறையில் உட்கார்ந்து, ஆணியில் தொங்கும் பழையதைப் பார்த்தபடி நண்டு வரைந்தேன். உடன் தங்கியிருப்பவன் எட்டிப் பார்த்தான். "நல்லாருக்கே அண்ணே. யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. என் டிரேட்மார்க்கு" என்றேன்.

அவன் விரலால் எண்ணினான். "ரெண்டு காலு கொறையுதே."

டப்பாவில் பாதிக்கு மேல் பெயின்ட் இருந்தது. தூரிகையை நனைத்து ஹெல்மெட் வரைக்கும் கொண்டுபோனேன். பிறகு டப்பாவை மூடினேன்.

"பெயின்ட் தீந்துபோச்சு" என்றேன்.