பிழை கீறித் தந்தவர்

வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடைக்கு மேலே, பேத்தியோடு இருபத்தாறு படி ஏறித்தான் அந்தச் சித்திர மாஸ்டரைக் கண்டேன். ஒல்லியான மனிதர்; முழங்கை வரை பென்சில் கரி. பேத்தியின் பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடத்துக்கு இப்போது பரீட்சை இல்லை. முதல் முயற்சியிலிருந்து முடிந்த படம் வரை, தானே கீறிய எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கொடுக்க வேண்டுமாம். அவளோ கடலோர ரயில் பாதையை ஒரே தாளில் கீறி முடித்துவிட்டாள்.

"படம் நல்லம் ஐயா. ஆனா பிழை காணாது, இன்னும் வேணும்," என்றார் மாஸ்டர். "முயற்சி எங்க எண்டு கேட்டு மார்க்கை வெட்டுவினம்."

இடக்கையால் அதே பாதையைக் கோணலாகக் கீறத் தொடங்கினார். வலக்கைக்குப் பிழை வராதாம்.

"இது களவு," என்றேன்.

"ஓம், களவுதான். முடிஞ்ச படத்தில நான் கை வைக்கேல்லைத்தானே."

"அம்மப்பா, நாளைக்குக் குடுக்கோணும். பேசாம இருங்கோ," என்றாள் பேத்தி.

ஏழு தாள். கிழிக்கத்தான் கையில் எடுத்தேன். நான்காவதில் தண்டவாளம் கடலுக்குள் வழுக்கி இறங்கியிருந்தது. கிழிக்க மனம் வரவில்லை. பேத்தி அதைப் பறித்துத் தன் பெயரை எழுதினாள். மாஸ்டர் அடுத்த தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

இப்படிக் கீறத் தெரிந்தவருக்கு அந்தத் தாளை விட்டுக்கொடுக்க எப்படி மனம் வந்தது? எனக்கு இன்றும் ஆத்திரம் ஆறவில்லை.