கடலுக்குப் போட்ட அட்டவணை

வேல்குமார் பக்கத்தில் வந்து நின்றால் தையல் லைனில் நூல் அறுந்துபோகும். அவன் மேல் யாருக்கும் பகை கிடையாது. அவன் கையிலிருக்கும் ஸ்டாப்வாட்ச்தான் காரணம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் அவனுக்கு ஐ.இ. டிபார்ட்மெண்டில், அதாவது வேலை நேரத்தை அளக்கிற பிரிவில், வேலை. ஒரு டெய்லர் ஒரு பீஸை எடுத்து, தைத்து, அடுத்தவருக்குத் தள்ளிவிட எத்தனை செகண்டு ஆகிறது என்று பின்னால் நின்று பார்த்து எழுதுவான். அதை வைத்துத்தான் மணிக்கு எத்தனை பீஸ் என்று டார்கெட் போடுவார்கள்.

பத்து வருஷமாக இதே வேலை. ஆள் கெட்டவனில்லை. குடி இல்லை, சிகரெட் இல்லை, யாரையும் அதட்டிப் பேசியதில்லை. எதைப் பார்த்தாலும் செகண்டில் பார்ப்பான், அவ்வளவுதான். பேக்கரியில் டீ ஆற்றுகிறவர் சர்க்கரை டப்பாவுக்காக எத்தனை தடவை வீணாகத் திரும்புகிறார் என்று எண்ணுவான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் வாளி எந்தப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டு, பாயசத்தைக் கோட்டைவிட்டுவிடுவான். இப்படிப்பட்ட மனுஷனோடு இரண்டு வருஷம் குடும்பம் நடத்திய ஜோதிகாவுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி என்று சொல்ல வேண்டும்.

ஜோதிகாவுக்கு ஊர் உடுமலைப் பக்கம் கணியூர். அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தவள். வேல்குமார் அவளை அங்கேதான் பார்த்தான், வீட்டில் சொல்லி முறையாகப் பெண் கேட்டுக் கட்டிக்கொண்டான். புருஷன் நேரம் எடுக்கிற லைனில் பெண்டாட்டி தைத்தால் சரிப்படாது என்று கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேறு கம்பெனிக்கு மாறிக்கொண்டாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன ஐப்பசியில் அவன் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தான்.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. காலையில் அவள் படுகிற பாட்டைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தான். ஒரு வாரம் கதவோரம் நின்று எழுதினான். உப்பு ஜாடியை இடதுபக்கம் நகர்த்தினான். தோசைத் திருப்பிக்கு ஆணி அடித்தான். ஐம்பத்திரண்டு நிமிட வேலை நாற்பத்தாறாக இறங்கியது. படம் வரைந்து, லேமினேட் பண்ணி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். குழம்பு கொதிக்கிற நேரத்தில் ஜோதிகா ஜன்னலோரம் நின்று ஒரு டம்ளர் காப்பி குடிப்பாள். படத்தில் அதற்குக் ‘காத்திருப்பு’ என்று பெயர் போட்டு, சிவப்பில் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தான்.

அந்த வியாழக்கிழமையே அவள் துணியைப் பையில் எடுத்து வைத்தாள்.

“ஆறு நிமிசம் மிச்சம்னு எழுதியிருக்கறீங்கல்ல. அத எங்கீங்க வெச்சிருக்கீங்க? எடுத்துக் குடுங்க, நான் இருக்கறேன்.”

வேல்குமார் நிஜமாகவே யோசித்தான். யோசித்தபடியே அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கணியூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான்.

இரண்டு மாதம் ஓடியது. மூன்று தடவை கணியூர் போய் வந்தான். மாமியார் சாமியாத்தாள் மாப்பிள்ளைக்குக் குறை வைக்கவில்லை, கோழி அடித்துப் போட்டார். ஜோதிகா அந்த ஊரிலேயே ஒரு சின்ன யூனிட்டில் தைக்கச் சேர்ந்துவிட்டாள் என்பதையும் அவரேதான் சோறு போடும்போது சொன்னார். அதைக் கேட்டதும் வேல்குமார் கோழியை ஒதுக்கி வைத்தான். கோபித்துக்கொண்டு வந்தவள் திரும்பி வருவாள், வேலையில் சேர்ந்தவள் எதற்கு வரப்போகிறாள்?

மூன்றாவது தடவை வாசல்வரை வந்து ஜோதிகா சொன்னாள். “மூணு நாளைக்கு எங்கீங்காச்சும் கூட்டிட்டுப் போங்க. கடலுக்கு. நல்லதா நாலு எடத்துல சாப்புடோணும், காப்பி குடிக்கோணும், மல கில இருந்தா ஏறோணும். வாச்சு எடுத்துட்டு வரக்கூடாது. போயிட்டு வந்து சொல்றேன், நான் வர்றதா இல்லையான்னு.”

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு வேறொருவன் என்றால் பேசாமல் இரண்டு டிக்கெட் எடுத்திருப்பான். வேல்குமார் ஒன்பது நாள் ஆராய்ச்சி செய்தான். கோகர்ணம் என்று முடிவானது. ஊரையொட்டிக் கடற்கரை, அங்கிருந்து பாறை மேட்டில் ஏறி இறங்கினால் அடுத்த கடற்கரை, அதைத் தாண்டி இன்னொன்று என்று வரிசையாக நடந்தே போகலாம். எந்தக் கடையில் மீன் நன்றாக இருக்கும், எங்கே நீர் தோசை மெல்லிசு, எந்தப் பாறை மேல் உட்கார்ந்து காப்பி குடித்தால் கடல் முழுதாகத் தெரியும், எல்லாம் படித்தான். யார் யாரோ நெட்டில் எழுதிய ஆயிரத்துச் சொச்சம் அபிப்பிராயங்களைப் படித்தான். மூன்று நாளுக்கு நாற்பத்தொரு வரி அட்டவணை போட்டான். காலைக் காப்பி, பதினெட்டு நிமிடம். மலைப்பாதை, தொண்ணூற்றைந்து நிமிடம். சோர்வுக்கென்று நேரத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கூட்டியிருந்தான், கம்பெனியில் டெய்லர்களுக்குத் தருவதே பத்துதான். அதையும் லேமினேட் பண்ணினான். வாட்ச் கூடாது என்றுதான் சொன்னாள், அட்டவணை கூடாது என்று சொல்லவில்லையே.

கோயமுத்தூரில் ரயிலேறி, மங்களூரில் வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தார்கள். ரயிலிலேயே ஜோதிகா அட்டவணையைப் பார்த்தாள். முழுதும் படித்தாள். அதை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான், மடையன்.

முதல் நாள் காப்பிக்கடை அவன் படித்தபடியே இருந்தது. பாறை விளிம்பில் மூங்கில் நாற்காலி, கீழே அலை. காப்பிதான் வரவில்லை. இருபது நிமிடம் போலானதும் வேல்குமாரின் முழங்கால் தானாக ஆட ஆரம்பித்தது. எழுந்து உள்ளே போனான். கடைக்கார அம்மாளிடம் அரைகுறை இந்தியில், கப் அடுக்கு ஒரு மூலையிலும் பால் இன்னொரு மூலையிலும் இருப்பதுதான் கோளாறு என்று விளக்கினான். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கப் அடுக்கின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு பேரும் நகர்த்தி வைத்தார்கள். வேர்த்து வழிய வெளியே வந்தபோது ஜோதிகா தன் காப்பியைக் குடித்து முடித்திருந்தாள். அவனுடைய காப்பி ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது.

“நல்லா இருந்துச்சா?” என்றான்.

“நீங்க உள்ள போனதுக்கப்பறம் நல்லா இருந்துச்சுங்க.”

மறுநாள் மலைப்பாதை. ஏழரைக்குக் கிளம்பினார்கள். வயல் வரப்பில் ஓடி வளர்ந்த பெண், கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் மிதித்த கால். அவள் முன்னால் போவாள், தான்தான் மூச்சிரைக்கப் பின்னால் போக வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தான். நடந்தது வேறு. ஜோதிகா பத்து அடிக்கு ஒருதரம் நின்றாள். செருப்புக்குள் மண் என்றாள். துப்பட்டா முள்ளில் மாட்டிக்கொண்டது, பொறுமையாக எடுத்தாள். அரை மணி நேரத்தில் ஏற வேண்டிய மேட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனது. வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் இரண்டு கையிலும் ஊன்றுகோலோடு அவர்களைத் தாண்டிப் போனார். தலையில் பழக்கூடையோடு ஒரு பெண் தாண்டிப் போனாள். நாய் ஒன்று தாண்டிப் போய், திரும்பி இவர்களைப் பார்த்துவிட்டுப் போனது.

“உடம்புக்கு முடியலயா?” என்று தண்ணீர் கொடுத்தான்.

“இல்லீங்க, நல்லாத்தான் இருக்கறன்” என்று சொல்லி, மூடியை அவ்வளவு நிதானமாகத் திருகி மூடினாள்.

அந்த மூடியைத் திருகிய விரல்களைப் பார்த்ததும் வேல்குமாருக்குப் புரிந்துவிட்டது. இதை அவன் பத்து வருஷமாகப் பார்க்கிறான். அவன் போய் நின்றதும் டெய்லர்களின் கைகளுக்கு வருகிற நிதானம் இது. சும்மா இருந்த நூல் அறும், ஊசி மாற்ற வேண்டியிருக்கும், பீஸை எடுத்து ஒருதரம் உதறிப் பார்க்கத் தோன்றும். நேரம் எடுக்கும்போது வேகமாகத் தைத்துக் காட்டினால் அந்த வேகமே நாளைக்கு எல்லோர் தலையிலும் டார்கெட்டாக விழும். பொய் என்று யாரும் சொல்ல முடியாதபடி மெதுவாகத் தைப்பார்கள்.

“நீ வேணும்னேதான் மெதுவா நடக்கற” என்றான்.

“ஆமாங்க.”

“வாட்ச் எடுத்துட்டு வரலயே நானு.”

“நீங்களே வாச்சுதானுங்க, தனியா எதுக்கு?” ஜோதிகா ஒரு பாறையில் சாய்ந்து நின்றாள். மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் அவளுக்குப் பேச்சு வந்தது. “நேரம் எடுக்கறப்ப எந்த டெய்லருங்க வெரசாத் தெச்சிருக்கறா? நீங்க மொத மொதல்ல என்ற பின்னால வந்து நின்னீங்களே, பனியன் கழுத்துல ரிப்புப் பட்டி வெக்கறதுக்கு. முப்பத்தெட்டு செகண்டுன்னு எழுதுனீங்க. எனக்கு இருவத்தஞ்சு செகண்டு போதுமுங்க. உங்கள நல்லா ஏமாத்திப்போட்டன்.”

“தெரியும்” என்றான் வேல்குமார்.

“என்ன தெரியும்?”

“அதுக்கு முந்துன நாளே தூணுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டேன். இருவத்தஞ்சுகூட இல்ல, இருவத்தி நாலு.”

ஜோதிகா அவன் முகத்தைப் பார்த்தாள். பத்து வருஷத்தில் ஒரு நம்பரைக்கூட மாற்றி எழுதாதவன் என்று கம்பெனியே சொல்லும் ஆள்.

“அப்பறம் எதுக்குங்க முப்பத்தெட்டுன்னு எழுதுனீங்க?”

“உனக்குப் பக்கத்து மெஷின்ல முத்துப்பேச்சியக்கா. அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, முப்பத்தெட்டுக்குக் கொறஞ்சு வராது. உன்ற வேகத்த எழுதியிருந்தா அதால ஒரு வாரங்கூட அங்க இருந்திருக்க முடியாது. அதுக்காகத்தான் நீ வேகத்தக் கொறச்சுக்கிட்டுத் தெக்கறேன்னு புரிஞ்சுது. எழுதிப்போட்டு ஊட்டுக்குப் போயி, கட்டுனா இந்தப் புள்ளயத்தான் கட்டோணும்னு அம்மாகிட்டச் சொன்னேன்.”

காற்று அடித்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு படகு போனது. ஜோதிகாவின் கண் நிறைந்துவிட்டது, கோபமும் சேர்ந்து வந்தது.

“இத்தன வெவரம் தெரிஞ்ச மனுசன் என்ற அடுப்படிக்குள்ள எதுக்குங்க வாச்சத் தூக்கிட்டு வந்தீங்க? அங்க யாருக்கு டார்கெட் போடறதுக்கு?”

“நீ கஷ்டப்படறதப் பாக்க முடியல. உனக்கு ஒத்தாசை பண்ணோணும்னு நெனச்சேன். எனக்கு வேற எந்த ஒத்தாசையும் தெரியல, ஜோதிகா.”

“ஒரு வெங்காயம் உரிச்சுக் குடுத்திருக்கலாமுங்க.”

இது அவனுக்குத் தோன்றவே இல்லை. பத்து வருஷ அனுபவம் உள்ள ஆளுக்கு, ஒரு வாரம் கதவோரம் நின்றவனுக்கு, இரண்டு எட்டு உள்ளே வைத்து ஒரு வெங்காயத்தை எடுக்கலாம் என்று தோன்றவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதை வாய்விட்டே சொன்னான்.

பாறை ஈரமாக இருந்தது. ஜோதிகா கைப்பையிலிருந்து லேமினேட் அட்டையை எடுத்து விரித்து, அதன் மேல் உட்கார்ந்தாள். தண்ணீர் உள்ளே போகாமல் நன்றாகத்தான் பண்ணியிருந்தான். பாதி இடம் விட்டு அவனையும் உட்காரச் சொன்னாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. கடைசிக் கடற்கரை வரை அவர்கள் போகவே இல்லை. பசித்தபோது கீழே இறங்கி, ஓலைக் கொட்டகை ஒன்றில் இருந்ததைச் சாப்பிட்டார்கள். மதியம் தாண்டிவிட்டதால் மீன் தீர்ந்து, குழம்பு மட்டும் இருந்தது. காப்பி இல்லை, டீதான். அந்தக் கடைக்கு யாரும் நட்சத்திரம் போட்டு எழுதியிருக்க வாய்ப்பில்லை. திரும்புகையில் ஜோதிகா விறுவிறுவென்று முன்னால் ஏறினாள். வேல்குமார் நாக்குத் தள்ளப் பின்னால் போனான்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவனும் நினைத்தான். திருப்பூர் வந்து இறங்கியதும் ஜோதிகா தன் பையை வாங்கிக்கொண்டு உடுமலை பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

“ஊட்டுக்கு வல்லியா?”

“வேல செய்யற எடத்துல சொல்லோணுமுங்க. அம்மாகிட்டயும் பேசோணும். ஞாயித்துக்கெழம வந்தாலும் வருவன்.”

எத்தனை மணிக்கு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டான். வந்தாலும் வருவன் என்றால் வராமலும் இருக்கலாம். பஸ் போன பிறகு அந்த ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். உடுமலைப் பக்கமிருந்து வண்டி வருவதும் ஆட்கள் இறங்குவதுமாக இருந்தது. வெயில் ஏறி உச்சிக்கு வந்தது. அவன் சாப்பிடப் போகவில்லை. போன நேரத்தில் அவள் வந்துவிட்டால்? அங்கிருந்த பூக்கார அம்மாள் பூ வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, மூன்றாவது தடவை தன் ஸ்டூலைத் தள்ளி உட்காரச் சொன்னார். போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு பஸ்ஸின் பின் படியில் ஜோதிகா இறங்கினாள்.

“ரொம்ப நேரமா நிக்கறீங்களா?”

“விடிஞ்சதுல இருந்து” என்றான் வேல்குமார். “வருவியோ மாட்டியோன்னு பயந்து போயிட்டேன்.”

ஜோதிகா பஸ்ஸுக்குள் எட்டி, உள்ளே இருந்த மூட்டையை இழுத்தாள். அதன் பின்னால் இன்னொரு மூட்டை. அதன் பின்னால் கண்டக்டர் அலுத்துக்கொண்டே தள்ளிவிட்ட தகரப் பெட்டி.

“நின்னுட்டே இருக்கறீங்க, புடிங்க” என்றாள்.