ஏசி ஃபில்டரும் ஒன்பதாவது கவரும்

கார் ஏசி வேலையில் பாதி, முன்சீட்டுக்குக் கீழே தலையைக் கொடுத்துச் செய்வது; மீதிப் பாதி, அப்படிக் கிடக்கும்போது மேலேயிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது. இரண்டாவது பாதி எனக்கு வரவே வராது. உங்களில் யாருக்காவது நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றால், என் கஷ்டம் புரியும்.

2009 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஏசி முகாம் போட்டோம். அன்று இருந்தவர்கள்: கடலூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எங்கள் முதலாளி பாஸ்கர் (வயதில் சின்னவர், என்னை மாமா என்பார்), எலக்ட்ரீசியன் ஜாபர், நான், ஒன்பது கார்கள், அவற்றில் வந்த பதினேழு பேர். எல்லாம் ஒரே மாடல், எட்டு ஒன்பது வருஷம் ஓடியவை. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் ஏசி ஃபில்டரை மாற்றுவது என் வேலை. டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் பின்னால் ஒரு மூடி, அதற்குள் ஃபில்டர். கொண்டுபோனது பன்னிரண்டு, ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்.

ஓவர்டேக்

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி மனைவியோடு வந்தார். ரோட்டில் தன்னை முந்த ஆளே கிடையாது என்று ஜாபரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். நான் பழைய ஃபில்டரை இழுத்தேன். மடிப்புக்கு மடிப்பு கரும்புச் சோகை, காய்ந்த தோகை! லோடு டிராக்டருக்குப் பின்னாலேயே மாதக்கணக்கில் ஊர்ந்து போனால்தான் இப்படி அடையும். செய்தித்தாளை விரித்து ஃபில்டரைத் தட்டினேன், குவியலாக விழுந்தது. அவர் என் காதருகே குனிந்து, புது உறவு கொண்டாடி, "மச்சான், சீக்கிரம் மடிச்சி வைங்க" என்றார். அதற்குள் அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டார்.

"எல்லா டிராக்டரையும் ஓவர்டேக் பண்ணிட்டுத்தான் வர்றேன்னீங்களே, இவ்ளோ சோகையும் எந்த டிராக்டர் பார்சல் அனுப்புச்சு?"

கணக்குப் பேப்பர்

காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில் கணக்குப்பிள்ளை ஒருவரின் காரில் இருந்தேன். அவர் மகளுக்குச் சிதம்பரத்தில் பிரசவமாகி ஆறு நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு டிஸ்சார்ஜ். குழந்தைக்கு மூச்சு இரைக்கிறது, தூசி ஆகவே ஆகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியிலேயே வீடு சேர்க்க வேண்டும், அதற்காகத்தான் ஃபில்டர். பழையதை எடுத்துவிட்டேன், புதியதை மாட்ட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து ஜாபர், "அண்ணே, ஓடியாங்க!" என்று கூப்பிட்டான். "நீங்க போங்க, டிராயரத் தள்ற மாதிரிதானே, நான் மாட்டிக்கிறேன்" என்றார் கணக்குப்பிள்ளை.

ஜாபரை மறித்துக்கொண்டு நின்றவர் அண்ணாகிராமத்து டீச்சர். ஏசி போட்டால் தும்மலாக வருகிறது என்று வந்தவர். அவர் கார் விலை குறைந்த ரகம். அதில் ஃபில்டர் வைக்காமல் அந்த இடத்தைப் பிளாஸ்டிக்கால் அடைத்தே அனுப்பியிருந்தார்கள், அறுத்துத்தான் திறக்க வேண்டும். கத்தியைப் பார்த்ததும் டீச்சர் கத்த ஆரம்பித்துவிட்டார். நான் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். சத்தம் நின்றது. அறுத்துக் கையை விட்டேன். எலிக்கூடு! காலியாகத்தான் இருந்தது. முழுக்கக் காகிதத் துணுக்குகள், நீல மை, நடுவே பாதிக் கணக்கு ஒன்று. டீச்சர் ஒரு துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"எட்டாவது கணக்குப் பேப்பர்ங்க இது. எழுதிக் கொடுத்தேன் மிஸ்னு அந்தப் பொண்ணு அழுதுச்சு, நான்தான் நம்பல. நேரா அது வீட்டுக்குத்தான் போறேன்."

எட்டு

டீச்சர் காருக்கும் ஃபில்டர் மாட்டிவிட்டு நான் திரும்பி வந்தபோது கணக்குப்பிள்ளை கிளம்பியிருந்தார். கேட்டைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே கை ஆட்டினார். அவர் மாட்டியதை நான் பார்க்காமல் விட்டது என் தப்புதான்.

நாலரை மணிக்கு எண்ணினேன். பன்னிரண்டு ஃபில்டரில் ஒன்பது போக மூன்று. சரி. கவர்களை எண்ணினேன். எட்டு. மறுபடியும் எட்டு. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன், குப்பையைக் கொட்டிப் பார்த்தேன். "ஃபில்டர்தான் சரியா இருக்குல்ல மாமா, கவரை எவனாச்சும் எண்ணுவானா?" என்று பாஸ்கர் சிரித்தார்.

எனக்குச் சுரீரென்றது. எட்டு கவரையும் பிரித்தவன் நான். ஒன்பதாவது கவர் கணக்குப்பிள்ளையின் காருக்குள் போயிருக்கிறது, ஃபில்டரோடு சேர்ந்து! பிளாஸ்டிக்கைத் தாண்டிக் காற்று எப்படி வரும்? மே மாத வெயில், கண்ணாடி மூடிய கார், மூச்சு இரைக்கும் ஆறு நாள் குழந்தை. "அந்தக் குழந்தை!" என்று அலறியே விட்டேன். விஷயத்தைச் சொன்னதும் பாஸ்கர் சிரிப்பை விட்டார்.

"ஜாபரு, பைக்க எட்றா! மாமா சத்தம் போட்டு இன்னைக்குத்தான் கேக்குறேன்!"

ஆஸ்பத்திரி வாசல்

எந்த ஆஸ்பத்திரி என்று கணக்குப்பிள்ளை காலையிலேயே ஜாபரிடம் சொல்லியிருந்தார், நல்லவேளை. ஒரு கையில் புது ஃபில்டர், ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர். ஜாபரைப் பிடித்துக்கொள்ள எனக்குக் கையே இல்லை. வழியில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து போனோம். கார் கேட்டைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. ஜாபர் பைக்கைக் குறுக்கே போட்டான்.

கண்ணாடி நாலும் மேலே. உள்ளே ஃபேன் மட்டும் ஓவென்று இரைகிறது. மகள் ஆஸ்பத்திரி ஃபைலால் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். "புது ஃபில்டரு, போகப்போகத்தான் காத்து விடும்" என்று கணக்குப்பிள்ளை அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார், சட்டையெல்லாம் வேர்வை. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "கவர்! கவர்!" என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. நானே கதவைத் திறந்து பெட்டியைக் கழற்றி இழுத்தேன். கவரோடு வந்தது. திணித்ததில் ஃபில்டரின் ஓரம் உடைந்திருந்தது. கையிலிருந்ததைப் பிரித்து மாட்டினேன்.

குபுகுபுவென்று காற்று வந்தது! குழந்தையின் தலையில் இருந்த துணி படபடத்தது. "அப்பா, வருதுப்பா!" என்று அந்தப் பெண் கத்தினாள். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். அப்போதுதான் சீட்டைக் கவனித்தேன்: ஒன்பது வருஷக் காரில், ஷோரூம் பாலித்தீன் பிரிக்காமல் அப்படியே இருந்தது. கணக்குப்பிள்ளை உடைந்த ஃபில்டரின் கவரைத் துண்டால் துடைத்துச் சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்தார்.

"நம்ம ரோட்டுத் தூசிக்கு நாலு நாள்ல கறுத்துடுமேன்னுதாங்க கவரோட வச்சேன். இப்ப போட்டதயாச்சும், வண்டி நிக்கிறப்ப கழட்டி வச்சுக்கலாமா?"

ஒன்பது காருக்குப் பத்து ஃபில்டர் கொடுத்த மெக்கானிக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன், மிச்சம் இரண்டு.