இன்னொருத்தியின் முடி

தண்ணீரை அள்ளித் தலையில் தடவி, ஊறவிட்டு, விரல்களாலேயே ஒவ்வொரு சுருளாகப் பிரிக்கிறாள் சண்முகத்தாய். சீப்பு உள்ளே போகாது. ஒரு முடியைப் பிடித்து இழுத்தால் சாண் நீளம் வரும். விட்டால் மிளகளவுக்குச் சுருண்டு தலையோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்து முடித்ததும் நூல் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பட்டாசுக் கம்பெனி வேனுக்கு நிற்பாள். காய்ந்த முடியில் கரண்டு பிறக்குமென்று, விஸ்வநத்தத்துக் கம்பெனிப் போர்மேன் வாசலிலேயே தலையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

வயது முப்பத்தைந்து. வெடிக்குத் திரி வைக்கிற வேலை. குழம்பில் உப்புக் கூடினாலும், கூரை ஒழுகினாலும், "அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்பாள்.

போன வருடம்வரை அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் நேர்முடி. சுருட்டைமுடி நாகஜோதிக்குத்தான். இருவரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து திரி வைத்தவர்கள். 'தேன்கூட்டுத் தலை' என்ற கேலி பொறுக்காமல் நாகஜோதி தீபாவளிதோறும் சிவகாசி பார்லரில் முடியை நேராக நீட்டிக்கொண்டு வருவாள். கொஞ்ச நாளில் வேரிலிருந்து பழையபடி சுருண்டு கிளம்பும். "உங்க முடிய எனக்குக் குடுத்துட்டு, என்னுத நீங்க வச்சுக்கோங்கக்கா" என்று சிரிப்பாள்.

அந்த அறை வெடித்த அன்று நாகஜோதி வெளியே வரவில்லை. சண்முகத்தாய் தப்பினாள். கருகிய முடியை ஆஸ்பத்திரியில் மழித்தார்கள். மழித்த தலையில் முளைத்ததெல்லாம் சுருட்டை.

"மருந்துச் சூட்டுக்கு அப்பிடி வருமாம்" என்றான் கணவன் முனியராஜ். முடி வளர வளர அவன் பேச்சுக் குறைந்தது. இப்போதெல்லாம் அவள் முதுகு காட்டி நின்றால், பெயர் சொல்லிக் கூப்பிடத் தயங்குகிறான்.

நீட்டிவிடலாமென்று அதே பார்லருக்குப் போனாள். அங்கே வேலை பார்க்கும் சினேகா போனில் படம் காட்டினாள். நேர்முடி ஒன்றாம் ரகம், அலைமுடி இரண்டு, சுருட்டை மூன்று, ஸ்பிரிங் மாதிரி இறுகியது நான்கு. அதிலும் ஏ, பி, சி உண்டாம்.

"ஒங்களுக்கு ஃபோர் சி. இங்கன இப்பிடித் தலை வர்றதே அபூர்வம்க்கா." உச்சந்தலையில் அவள் விரல் நின்றது. "ரெட்டைச் சுழி. ஒண்ணு வலம், ஒண்ணு இடம். இந்தத் தலைய நான் நீட்டிவிட்டிருக்கேனே... தீபாவளிக்கு வந்தது நீங்கதான?"

சண்முகத்தாய் பிறவியில் ஒற்றைச் சுழிக்காரி. சூடேறிய கம்பி காதோரம் வந்ததும் விருட்டென்று எழுந்துவிட்டாள். "வேண்டாம். அதுபாட்டுக்கு வளரட்டும்."

சேதி நாகஜோதியின் ஊரான ஆனைக்குட்டத்துக்குப் போய், அவள் அம்மா ராமுத்தாய் ஒருநாள் வந்தாள். வாசலில் நின்று தலையையே பார்த்தாள். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறாள். பின்னால் உட்கார்ந்து, துணியை அவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டே வகிடு பிரிக்கிறாள். விரல்கள் எங்கேயும் தடுமாறுவதில்லை.

சென்ற வெள்ளியன்று முனியராஜ் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து நின்றான். "கெளம்பு. இருக்கன்குடியில மொட்டை போட்டுருவோம். ஆத்தா சன்னிதியில எறக்கிட்டா எல்லாம் சரியாப் போகும்."

ராமுத்தாயின் விரல்கள் முடிக்குள் நின்றன.

"ஏத்தா நாகசோதி," என்றாள் கண்ணைத் திறக்காமலே, "தலைய ஆட்டாத."

சண்முகத்தாய் கணவனைப் பார்க்கவில்லை. ராமுத்தாயின் முழங்கால்களுக்கு இடையே இன்னும் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்து, கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தாள்.